ஏணிப் பெட்டி

கணவர் வரதராஜுலு நகரசபைத் தேர்தலில் தோற்றுவிட வேண்டும் என்று வெங்கடலட்சுமி மனதார விரும்பினாள். அவள் கெட்டவள் அல்ல. களைத்துப்போனவள்.

கோயமுத்தூரில் கிணற்று மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக் கட்டும் பட்டறை வைத்திருந்தவர் அவர். பட்டறையில் இருந்ததைவிட ஊராருக்காக நகரசபை வாசலில் நின்றதுதான் அதிகம். தெருவுக்குச் சிறுவாணிக் குழாய் வந்ததே அவர் நடையாய் நடந்ததால்தான். விடிவதற்குள் ‘ஏனுங்க’ என்று யாராவது வாசலில் நிற்பார்கள். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டே அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. இதில் கவுன்சிலரும் ஆகிவிட்டால் அந்த மனிதரைக் கண்ணால் பார்க்க முடியுமா? தோற்றால் ஊர்மேல் வெறுப்பு வரும், வீட்டோடு இருப்பார் என்று நம்பினாள்.

எதிர்த்து நின்றவர் பஞ்சு வியாபாரி லட்சுமணசாமி, தூரத்து உறவு. அவர் ஓட்டுக் கேட்டு இவர்கள் வீட்டுக்கே வந்தார். எதிர்த்து நிற்பவர் வீடு என்று தாண்டிப் போனால் மரியாதைக் குறைவாம்.

"உங்க ரெண்டு பேர் ஓட்டும் எனக்குத்தானுங்க மாப்ள," என்று சிரித்தபடி கைகூப்பினார்.

"ஆகட்டுங்க மாமா," என்றார் வரதராஜுலு.

வீடு தேடி வந்தவரிடம் முடியாது என்று சொல்லும் வாய் எங்கள் பக்கத்தில் யாருக்கும் அமைவதில்லை. வரதராஜுலு போய்க் கேட்டபோதும் தெருவே ‘ஆகட்டுங்க’ என்றுதான் சொன்னது.

அந்த ஐம்பதுகளில் தேர்தலில் நிற்பவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. மறைப்புக்குள் போய், வேண்டியவரின் சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். கணவரின் ஏணிப் பெட்டி முன்னால் வெங்கடலட்சுமி கொஞ்ச நேரம் நின்றாள். அவருடைய ஓட்டு இதற்குள் இருக்கும், தெருவின் ஓட்டும் இருக்கும், தன் ஒன்று இல்லாதது அவருக்குத் தெரியவா போகிறது என்று நினைத்தாள். லட்சுமணசாமியின் குடைப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

எண்ணிக்கை நாளில் அவர்கள் தெருவின் வாக்குச்சாவடியில் இருந்த ஏணிப் பெட்டியைத் திறந்து கவிழ்த்தார்கள். ஒரு சீட்டுகூட விழவில்லை.

வரதராஜுலு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "தோத்ததுகூடப் பரவால்ல அம்மணி. நம்ம சாவடியில எனக்கு ஒண்ணுமே இல்ல."

அவளுக்கு முகம் வெளிறியது. பிறகுதான் உறைத்தது. "அப்ப நீங்க?"

"எனக்கு நானே போட்டுக்கறதா? பந்தியில தன் இலைக்குத் தானே பரிமாறிக்கற மாதிரி இருந்துச்சு. மாமாகிட்ட ஆகட்டுங்கன்னு வேற சொல்லிப்போட்டேன்." அவள் பக்கம் திரும்பி, "நீ?" என்றார்.

"நீங்க ஊட்ல இருக்கோணும்னுதானுங்க..."

அவர் கோபப்படவில்லை. "இனி இருக்கறேன்," என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை வாசலில் ‘ஏனுங்க’ என்று குரல் கேட்டது. எதிர்வீட்டுத் தையல்காரர் அப்துல் முத்தலிப்.

"குழாயில தண்ணி வரலீங்க. ஆபீஸ் வரைக்கும் ஒரு எட்டுப் போய்ட்டு வந்துருங்க."

வெங்கடலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓட்டு அவருக்கு, தண்ணிக்கு மட்டும் இவருங்களா? அவர்கிட்டயே போய்க் கேளுங்க."

முத்தலிப் தலையைச் சொறிந்தார். மழுப்பவில்லை. "கோவிச்சுக்காதீங்க அம்மணி. அவரு ஜெயிச்சாத்தான் ஏதாச்சும் செய்வாருங்க. இவரு தோத்தாலும் செய்வாருங்க. அவருக்குப் போட்டா நமக்கு ரெண்டு பேரும் இருப்பாங்களேன்னுதான் எல்லாரும் அப்பிடிப் போட்டதுங்க."

வரதராஜுலு ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவளாக விட்டாலொழியப் போகமாட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் வேண்டும் என்றுதான் அவள் குடைப் பெட்டியில் போட்டாள். தெருவும் அதற்காகவேதான் போட்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

சட்டையை எடுத்து உதறி அவரிடம் நீட்டினாள்.

"இருங்க," என்றாள் முத்தலிப்பிடம். "ரெண்டு பேரும் காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க."