சுவரை நக்கிப் பார்க்கவும்

மரக்காணத்துக்கும் பொம்மையார்பாளையத்துக்கும் நடுவில் வீடு வாங்க நினைக்கிற யாரும் பஞ்சநாதனைக் கேட்காமல் முன்பணம் கொடுப்பதில்லை என்று பஞ்சநாதன் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் ஒரே ஒரு வீடுதான் கட்டியிருக்கிறார். அதுவே தகுதி. யூட்யூபில் ‘பஞ்சநாதன் பார்வை’ என்று ஒரு சேனல் தொடங்கி, வாரம் ஒருமுறை கோட் போட்டுக்கொண்டு கிராமத்து வீடு, மனை பற்றிப் பேசுவார். கோட், மகளின் கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளை ஒருநாள் போட்டுவிட்டு இங்கேயே விட்டுப்போனது. கை நீளம். அதனால் விரலை நீட்டி எச்சரிக்கும்போது நகம் மட்டும் தெரியும்.

யோசனைகள் எல்லாம் நல்ல யோசனைகள்தான். அதைச் சொல்லியாக வேண்டும். விற்பவர் கொடுக்கும் வில்லங்கச் சான்றை நம்பாதீர்கள், நீங்களே விண்ணப்பித்து எடுங்கள். பட்டா செத்துப்போன பெரியப்பா பேரில் இருந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வீட்டைப் பங்குனி வெயிலில் பார்க்காதீர்கள், ஐப்பசி மழையில் பாருங்கள். தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். வீட்டுக்காரர் கொடுக்கும் காபி வேண்டாம், குழாய்த் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடியுங்கள். இதில் எதையும் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ‘சுவரை நக்கிப் பாருங்க’ என்ற வீடியோ.

“நண்பர்களே, நம்ம ஏரியா உப்பளம் ஏரியா. உப்புத் தண்ணியில கலவை போட்ட வீடு நாலு வருஷத்துல காட்டிக் குடுத்துடும். சுவத்துல வெள்ளையா பூக்கும். பூச்சு அப்பளம் கணக்கா பொரிஞ்சு எழும்பும். இத கண்டுபிடிக்க இன்ஜினியரு வேணாம், மிஷினு வேணாம். நாக்கு இருக்குதா? சுவத்துல வைங்க. கரிச்சா, செருப்ப மாட்டிக்கினு கெளம்புங்க.”

இப்படிச் சொல்லிவிட்டு, ‘ஒரு நண்பரின் வீடு’ என்று ஒரு சுவரைக் காட்டி, கோட்டோடு அதை நக்கி, முகத்தைச் சுளித்தார். ஊரே பார்த்தது. திண்டிவனத்திலிருந்துகூட ஆட்கள் போனில் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். நண்பரின் வீடு எது என்று யாரும் கேட்கவில்லை. அது பஞ்சநாதனின் சொந்தச் சமையலறை.

வீடு கட்டும்போது கொத்தனார், “டேங்கர் தண்ணி எறக்குங்க சார், இந்த போர்த் தண்ணி ஆவாது” என்று சொன்னார். பஞ்சநாதன், “தண்ணியில என்னய்யா ஒசத்தி, தாழ்த்தி?” என்று சமத்துவம் பேசிவிட்டு, மனையில் போட்டிருந்த போர்த் தண்ணீரிலேயே வீட்டை முடித்தார். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாரிடமும் சிக்கனம் பற்றிப் பேசினார். ஐந்தாம் வருஷத்திலிருந்து அவர் மனைவி அம்சவல்லி காலையில் தரையைப் பெருக்கிவிட்டுச் சுவரையும் பெருக்க வேண்டியதாயிற்று. வருகிறவர்கள் நாற்காலியைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தால் எழுந்து போகும்போது முதுகு வெள்ளையாக இருக்கும். “வாசல்ல நின்னு தட்டிக்கினு போங்க” என்று அவளே சொல்லி அனுப்புவாள்.

பொங்கல் கழிந்த ஒரு நாள் கையகலப் பூச்சு ஒன்று குழம்புச் சட்டியில் விழுந்தது. அம்சவல்லி கரண்டியால் கலக்கி, உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள்.

“உப்பு சரியா இருக்குது” என்றாள். அடுப்பை அணைத்தாள். துணிப்பையை எடுத்துக்கொண்டு பிரம்மதேசத்தில் இருக்கும் அண்ணன் சுப்ராயன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, “வீட்ட வித்துட்டு வாங்க. விக்காம வராதீங்க. அங்க தண்ணியாவது இனிக்கும்” என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு பஞ்சநாதன் காலையில் கடை இட்லி, மதியம் கடைச் சாப்பாடு, மாலையில் மறுபடி கடை இட்லி என்று காலம் தள்ளினார். இரண்டு தடவை பிரம்மதேசம் போய்ப் பார்த்தார். மச்சான் வாசலிலேயே உட்காரவைத்து மோர் கொடுத்தார். அம்சவல்லி உள்ளேயிருந்து, “வித்தாச்சா?” என்று கேட்டாள். இல்லை என்றதும் மோர் சொம்பு உள்ளே போய்விட்டது.

வீட்டை விற்காமல் இனி வழியில்லை என்று ஆனதும் புரோக்கர் கலையரசனைக் கூப்பிட்டார். கலையரசன் சுவரை நக்கவில்லை. பார்த்தாலே போதுமாக இருந்தது.

“அண்ணே, இத அப்டியே காட்டினா எவனும் வாங்கமாட்டான். சொரண்டி எடுத்துட்டு ரெண்டு கோட்டு பட்டி, ஒரு பிரைமர், மேல நல்ல பெயிண்ட். ஒரு மழை வர்ற வரைக்கும் தாங்கும்.”

“ஏமாத்து வேலை மாதிரி இல்லியாடா?”

“பொண்ணு பாக்க வந்தா பவுடர் போடறதில்லியா? அது மாதிரிண்ணே.”

“பிரசன்டேஷன்னு சொல்லு.”

“அதேதாண்ணே.”

சந்தன நிறத்தில் பெயிண்ட் அடித்தார்கள். மொட்டை மாடித் தொட்டியைக் கழுவி டேங்கர் தண்ணீர் நிரப்பினார்கள். உள் அறையில் ஒரு மூலை மட்டும் பட்டியைப் பிடிக்கவே இல்லை. காலையில் பூசினால் மாலையில் உதிர்ந்தது. அந்த மூலைக்கு இரும்பு பீரோவைத் தள்ளி நிறுத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்தோணிராஜ் உப்பு லாரி ஓட்டுகிறவர். மனைவி ஆரோக்கியசெல்வி மருந்துக்கடையில் வேலை. பொம்மையார்பாளையத்தில் வாடகை வீடு. அந்த வீட்டுக்காரர் அதைச் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடப் போவதாகச் சொல்லி, காலி செய்யச் சொல்லியிருந்தார்.

கலையரசன் முன்னால் ஓடிவந்து காதில் சொன்னார்: “அண்ணே, அந்தம்மா உங்க ரசிகை. ஒரு வீடியோ வுடல. முடிஞ்சா மாதிரிதான்.”

பஞ்சநாதன் உள்ளே போய் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். ரசிகை என்ற சொல் அவருக்குள் ஏதோ செய்திருந்தது. “கலை, இந்தா என் போன். சேனல்ல லைவ் போடு. ‘பஞ்சநாதன் வீட்டைப் பார்க்கும் ரசிகை.’ ஒரு நிகழ்ச்சியா இருக்கட்டும்.”

“அண்ணே, லைவ்வெல்லாம் எதுக்கு? பேசி முடிச்சிக்கலாமே.”

“வெளிப்படைத்தன்மைடா. புடி.”

செல்வி வாசலிலேயே கைகூப்பினாள். “சார் வீடுன்னா பாக்காமலே வாங்கிடலாம். ஆனா நீங்கதான் சொல்லியிருக்கீங்களே, சொந்த மாமனாரு வித்தாலும் பாத்துத்தான் வாங்கணும்னு.”

“கரெக்ட்” என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார் பஞ்சநாதன். “பாருங்கம்மா. நல்லா பாருங்க.”

“வில்லங்கம் நாங்களே போட்டு எடுத்துட்டோம் சார். சுத்தமா இருக்குது. பட்டா உங்க பேர்ல. வர்ற வழியில பக்கத்து வீட்டு ராசம்மாளையும் விசாரிச்சோம்.”

“என்ன சொன்னாங்க?”

“தண்ணி தேங்காது, மேடுதான்னாங்க. நல்ல மனுஷன், ஆனா பேசிக்கினே இருப்பாருன்னாங்க.”

குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் குடித்தார்கள். “நல்லாக்குது” என்றார் அந்தோணிராஜ், கொஞ்சம் ஆச்சரியமாக. கலையரசன் கேமராவை வேறு பக்கம் திருப்பினார்.

பிறகு செல்வி முன்னறைச் சுவரின் முன் நின்றாள். கோயிலில் நிற்பது போல் நின்றாள். குனிந்து நாக்கு நுனியால் தொட்டாள்.

“பெயிண்ட் வாசனதான் சார் வருது. கரிக்கல.”

பஞ்சநாதன் மூச்சு விட்டார். “பாத்தீங்களா நண்பர்களே!”

“ஆனா சார், அந்த வீடியோவோட பகுதி ரெண்டுல சொன்னீங்களே” என்றாள் செல்வி. “புதுசா பெயிண்ட் அடிச்ச வீட்டுல முன்னறைய நக்கி பிரயோஜனம் இல்ல, எங்க பெரிய சாமான வச்சிருக்கானோ அதுக்குப் பின்னாடி பாருன்னு.”

“அது வந்தும்மா, சென்னையிலேர்ந்து வர்றவங்களுக்காக சொன்னது.”

“எல்லாருக்கும்னு சொன்னீங்க சார். ரெண்டு தடவ சொன்னீங்க.” அவள் குரலில் குத்தலே இல்லை. பாடம் ஒப்பிக்கிற மரியாதைதான் இருந்தது. “ஏங்க, அந்த ரூம்ல பீரோ இருக்குது பாருங்க.”

“பீரோ கனம்மா. உள்ள சாமான் இருக்குது” என்று கலையரசன் குறுக்கே வந்தார்.

“தெனம் உப்பு மூட்ட தூக்குறேன், இது என்னா பெரிய கனம்” என்று அந்தோணிராஜ் பீரோவை அணைத்து ஒரு நகர்த்து நகர்த்தினார். பீரோ வந்தது. பின்னாலேயே சுவரும் வந்தது. முழங்கால் உயரத்துக்குப் பூச்சு சரிந்து தரையில் விழுந்தது. அதற்குள்ளே செங்கல் மீது வெள்ளை வெள்ளையாக, பஞ்சு ஒட்டினது போல் உப்பு பூத்திருந்தது.

செல்வி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“சார்” என்றாள், மிகவும் வருத்தமாக. “கரிக்குது.”

அந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் மன்னிப்பு கேட்டிருப்பார்கள், அல்லது போனைப் பிடுங்கி அணைத்திருப்பார்கள். பஞ்சநாதன் போனைத்தான் பார்த்தார். பார்க்கிறவர்களின் எண்ணிக்கை மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு அழகாகப் பூத்த சுவர் அவருடைய எந்த வீடியோவிலும் வந்ததில்லை. அவர் விரலை நீட்டினார். நகம் தெரிந்தது.

“கிட்ட கொண்டா கலை. நண்பர்களே, இத நல்லா பாத்துக்குங்க. இதுதான் உப்பு பூக்குறது. இந்த வீட்டுக்காரரு என்ன பண்ணியிருக்காரு தெரியுதா?”

“அண்ணே...” என்றார் கலையரசன்.

“குறுக்க பேசாத. டேங்கர் தண்ணிக்கு செலவு பண்ண மனசு வராம, போர்த் தண்ணியிலயே கலவைய போட்டிருக்காரு. கொத்தனாரு சொல்லியிருப்பாரு. கேட்டிருக்க மாட்டாரு. இந்த மாதிரி ஆளுங்க யாரு சொன்னாலும் கேக்க மாட்டாங்க. அதோட விட்டாரா? மேல பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சு, பீரோவ வச்சு மறைச்சிருக்காரு!”

கோபம் நிஜமாகவே ஏறிவிட்டது. சமையலறைக்குப் போய்ச் சந்தன நிறப் பூச்சை விரலால் தட்டி, “டொக்குன்னு சத்தம் வருதா? உள்ள புடிப்பு இல்ல” என்று காட்டினார். ஒரு துண்டைப் பெயர்த்தும் எடுத்தார். வெளியே வந்து ஜன்னல் மேல் சன்ஷேடில் கம்பி துருப்பிடித்து வெடித்திருப்பதைக் காட்டினார். “மேல தொட்டியில இருக்கிறது டேங்கர் தண்ணியா கூட இருக்கலாம், அதையும் கேளுங்க. போர்லேர்ந்து நேரா பிடிச்சுத்தான் குடிக்கணும்” என்று இதுவரை எந்த வீடியோவிலும் சொல்லாத புது யோசனை ஒன்றையும் சேர்த்தார். அந்தோணிராஜ் வாயில் இருந்ததைத் துப்புவதா விழுங்குவதா என்று யோசித்து, விழுங்கினது எப்போதோ என்பது நினைவுக்கு வந்து சும்மா இருந்தார்.

“இப்ப ஒருத்தரு கேக்குறாருண்ணே, குழந்தைசாமின்னு” என்று கலையரசன் திரையைப் பார்த்துப் படித்தார். “‘அந்த வீட்டுக்காரன் பேரச் சொல்லுங்க’ன்னு.”

பஞ்சநாதன் துருவேறிய கம்பியை இன்னொரு தடவை தட்டிக் காட்டினார்.

“சார்” என்றாள் செல்வி. “அப்ப இந்த வீட்ட நாங்க வாங்கலாமா, வேணாமா? உங்க பார்வை என்ன?”

அந்தக் கேள்விக்காகத்தான் அவர் சேனலே நடத்துகிறார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“என் பார்வை என்னன்னா, வீடுன்னு நெனச்சு வாங்காதீங்க. மனைன்னு நெனச்சு வாங்குங்க. பத்திரம் சுத்தம். மேட்டு நெலம். மழைத் தண்ணி நிக்காது. அது மூணும்தான் இங்க சொத்து. வாங்கினா, பூச்ச ஜன்னல் ஒசரத்துக்கு வெட்டி எடுத்துடுங்க. செங்கல்ல நல்லா காயவிட்டு நல்ல தண்ணியில புதுசா பூசுங்க. ஒரு மழைக்காலம் பெயிண்ட் அடிக்காம விட்டுப் பாருங்க. ஆனா ஒண்ணு. மனை விலைக்கு மேல ஒத்த பைசா குடுக்காதீங்க. வீட்டுக்காரன் கெஞ்சுவான். மனசு எளகாதீங்க.”

அந்தோணிராஜும் செல்வியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சரி சார்” என்றார் அந்தோணிராஜ். “மனை விலைக்கே எடுத்துக்கிறோம்.”

“எத?” என்று கேட்டார் பஞ்சநாதன்.

அப்போதுதான் வீட்டுக்காரன் யார் என்று அவருக்கு ஞாபகம் வந்தது. முகத்தில் அது வந்து இறங்குவதைப் போன் படம் பிடித்தது.

“அது வந்தும்மா, பொதுவா சொன்னது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நெலம இருக்குது. சந்தன கலர் பெயிண்ட் என்னா விலன்னு தெரியுமா?”

“நீங்க கெஞ்சுவீங்கன்னும் சொல்லிட்டீங்களே சார்” என்றாள் செல்வி. பிறகு கேமராவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: “சார், வீட்டு விலைக்கு எங்களால முடியாது. சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தோம். மனை விலைன்னா முடியும். பூச்ச வெட்டுற வேலைய இவரே பண்ணிடுவாரு. எங்களுக்கு போறதுக்கு வேற எடமும் இல்ல.”

பஞ்சநாதன் கலையரசனைப் பார்த்தார். கலையரசன் தோளைக் குலுக்கினார். “வேற பார்ட்டி எவன்ணே வருவான்? அத்தன பேரும் பாத்துட்டானுங்க.”

“நிறுத்துடா அத” என்றார் பஞ்சநாதன். போன் அணைந்தது. கோட்டைக் கழற்றிப் பீரோவின் மேல் போட்டார். “மனை விலைக்கே எழுதிக்குங்க. பீரோ எனக்கு.”

அவர்கள் போன பிறகு உதிர்ந்ததை எல்லாம் பெருக்கி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தபோது அம்சவல்லி போனில் கூப்பிட்டாள்.

“வீடியோ பாத்தேன்.”

“எப்டி இருந்துச்சு?” என்று கேட்டார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அந்த வீட்டுக்காரன கிழிச்சீங்களே, அது ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு. அதுல பாதி நான் சொன்னது. சரி, வித்தாச்சா?”

“வித்தாச்சு. மனை விலைக்கு.”

அந்தப் பக்கம் முணுமுணுப்பு கேட்டது. அவள் கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது.

“மனை விலைக்கு இங்க வீடு வராது” என்றாள். “அண்ணன் வீட்டுக்குப் பின்னால ரெண்டு ரூம் சும்மா கெடக்குது. வாடகைக்கு கேட்டு வச்சிருக்கேன். இருந்து பாப்போம்.”

“வாடகையா?” பஞ்சநாதன் முறத்தைக் கீழே வைத்தார். “என்ன அம்சா, நான் ஊருக்கே சொந்த வீட்டப் பத்தி சொல்றவன். நானே மச்சான் வீட்டுல வாடகைக்கு இருந்தா சேனல் என்னா ஆவுறது?”

“சேனலு அங்கயே இருக்கட்டும்” என்றாள் அம்சவல்லி. “நீங்க மட்டும் வாங்க.”