ஃபார்மட் செய்யவா?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரியின் சர்வர் அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். ஏசி குளிருக்கு ஸ்வெட்டரின் மேல் ஒரு சால்வையையும் சுற்றியிருந்தாள். முந்தைய நாள் ஸ்கேன் பிரிவின் சர்வர் கருகிப்போய் நின்றுவிட்டது. நல்லவேளையாக எட்டு வருஷத்துப் படங்கள் அதற்குள் இல்லை. கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டியில் இருந்தன. நெட்வொர்க் கேபிள் வழியாகப் புது சர்வரை அந்தப் பெட்டியோடு சேர்த்துவிட்டால், பெட்டியிலுள்ள டிஸ்க் சர்வரின் சொந்த டிஸ்க் போலவே தெரியும்.

முதலில் பெட்டி ஒத்துக்கொள்ளவில்லை. அனுமதிப் பட்டியலில் பழைய சர்வரின் பெயர்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதியதன் பெயரைப் போட்டாள். பன்னிரண்டு டெராபைட் டிஸ்க் திரையில் வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது: ‘இந்த டிஸ்க் காலியாக உள்ளது. ஃபார்மட் செய்யவா?’

ஆம் என்று அழுத்தினால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். காலியா? பேக்கப் டிஸ்க் போன மாதமே கெட்டுப்போயிருந்தது, வேறு பிரதி இல்லை. அதைக் கவனிக்காதது அவள் தப்பு.

போன் அடித்தது. ஸ்கேன் எடுக்கும் பெண்.

“அக்கா, டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்கார். நாளைக்கு ஆபரேஷன், பழைய படம் வேணுமாம்.”

“கொஞ்சம் பொறும்மா.”

இந்தப் பெட்டியை அமைத்தது அவளுடைய அண்ணன். இரண்டு வருஷம் முன்புவரை இருவரும் இதே அறையில் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது இந்த ஆஸ்பத்திரியிலேயே சேர்க்கலாம் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள். அம்மா திரும்பி வரவில்லை. “உன் பேச்சைக் கேட்டுத்தானே சேர்த்தோம்” என்றான் அண்ணன், ஒரே ஒரு முறை. மறுவாரம் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனான். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

போனில் அவன் எண்ணை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து கூப்பிட்டாள். ஆறாவது ரிங்கில் எடுத்தான்.

“சொல்லு.”

“அண்ணா, ஸ்கேன் சர்வர் போயிடுச்சு. புதுசைப் பெட்டியோட சேர்த்தேன். டிஸ்க் காலின்னு சொல்லுது, ஃபார்மட் பண்ணவான்னு...”

“கை வைக்காத!” என்று கத்தினான். பிறகு குரலைத் தணித்தான். “காலி இல்ல. பாஸ்வேர்ட் போட்டு முழுசாப் பூட்டி வச்சிருக்கேன். பூட்டினது புது சர்வருக்குப் புரியல, அவ்வளவுதான். சாவி பழைய சர்வர்லயே இருந்துச்சு, அதான் உனக்குத் தெரியாமப் போச்சு. அந்தப் பழைய சர்வரோட கேபிளைக் கழட்டிட்டியா?”

“அதுதான் செத்துப்போச்சே.”

“செத்ததுகூட சில நேரம் எழுந்து உக்காரும். ரெண்டு சர்வர் ஒரே டிஸ்க்ல எழுதினா எல்லாம் கூழாயிடும். கழட்டு.”

கழற்றினாள். பூட்டைத் திறக்கும் புரோகிராமைப் போட்டுவிட்டு, “பாஸ்வேர்ட்?” என்றாள்.

“வாயால சொல்ல வராது. விரலுக்குத்தான் ஞாபகம். இரு.”

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு கீபோர்ட் சத்தம். அடித்ததைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். பதினெட்டு எழுத்து. அவன் பின்னால் டிவியோ பேச்சுக்குரலோ எதுவும் இல்லை. அவனும் தனியாகத்தான் இருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது.

டிஸ்க் திறந்தது. வருஷவாரியாக எட்டு ஃபோல்டர்கள் வந்து நின்றன. யாருடையதோ ஒரு முழங்கால் படத்தைத் திறந்து பார்த்தாள். தெளிவாக இருந்தது. ஸ்கேன் பிரிவுக்கு இன்னொரு போனில் சொன்னதும், “வந்துடுச்சுக்கா!” என்று அந்தப் பெண் கூவியது அண்ணனுக்கும் கேட்டிருக்கும்.

அவன் போனை வைக்கவில்லை.

“அம்மாவோடதும் அதுல இருக்கும்ல?”

“இருக்கும்.”

“பாத்தியா?”

“இல்ல.”

“பாக்காத.”

“சரிண்ணா.”

வேறு ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். “பாஸ்வேர்டை எழுதி வச்சுக்கோ” என்றான். அவ்வளவுதான், இணைப்பு போய்விட்டது. அவள் எழுதிவைத்தாள். சர்வர் காற்றாடிகளின் இரைச்சலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து அவனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. சாயங்காலம் ஒரு செய்தி வந்தது: ‘வெளியே இருந்தேன். மறுபடியும் சர்வரா?’

‘இல்ல, சும்மாதான்’ என்று அனுப்பினாள்.

அரை மணி நேரம் கழித்து, ‘சரி’ என்று வந்தது. அப்புறம் எதற்குக் கூப்பிட்டாய் என்று அவன் கேட்கவில்லை, கூப்பிடாதே என்றும் சொல்லவில்லை. வர்ற ஞாயிறும் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தனக்கு மட்டும் ஒரு தட்டு எடுத்து வைத்தாள்.