தபிதா எல்லா ஜன்னலையும் தட்டின காலை

தெருவையே எழுப்பிவிடுகிற வேலை தபிதாவுக்கு. நீளமான கழி, அதன் நுனியில் கம்பிக் கொத்து. அதை வைத்து மாடி ஜன்னல்களில் தட்டிக்கொண்டே போவாள். உள்ளேயிருந்து ஒரு முகம் கண்ணாடியில் தெரிகிறவரை நகரமாட்டாள். இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைத் தெருக்களில் இப்படி ஒருத்தி இல்லாவிட்டால் அடுப்பெரியாது. மணி அடித்து ஓய்ந்ததும் ஆலைக் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் முட்டி மோதினாலும் அன்றைய கூலி போனது போனதுதான்.

இந்தத் தெருக்காரர்களின் அப்பன்மார் வீட்டிலேயே தறி போட்டிருந்தவர்கள். திங்கட்கிழமை முழுக்கக் குடித்துவிட்டுக் கவிழ்ந்து கிடப்பார்கள், வாரக் கடைசியில் ராத்திரி பகல் பார்க்காமல் நெய்து ஈடுகட்டுவார்கள். நீராவி எந்திரம் வந்ததும் எல்லாம் தலைகீழ். அதற்குத் திங்களும் கிடையாது, தலைவலியும் கிடையாது. அது மூச்சு விட ஆரம்பிக்கும்போது மனிதன் அதன் முன்னால் நிற்கவேண்டும். அட, ஆளை எழுப்புகிற சூரியனுக்கே வேலை போய்விட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இப்போது அந்த எந்திரமே வாரக்கணக்கில் நின்று கிடந்தது. முதலாளி கூலியைக் குறைத்துவிட்டார், தெரு மொத்தமும் வேலைநிறுத்தம். தறிக்காரி டார்கஸ்தான் முன்னால் நின்றாள். "பார்லிமெண்டுல நமக்கு ஓட்டு கிடையாது. உள்ள போகமாட்டேன்னு சொல்றோமே, அதுதான் நம்ம ஓட்டு" என்று பெட்டிமேல் ஏறி நின்று கத்துவாள். அவளை எதிர்த்துப் பேச அந்தத் தெருவில் ஆளில்லை.

அப்படியிருக்க, ஒருநாள் சாயங்காலம் அதே தெருத் தறிக்காரன் ஏமஸ் வந்து தபிதாவின் வாசலில் நின்றான். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டே, "அக்கா, நாளைக்குக் காலையில என் ஜன்னலைத் தட்டணும்" என்றான்.

"எதுக்குடா? தேவாலயத்துக்கா?"

அவன் சிரிக்கவில்லை. "நாளைக்கு வரலைன்னா என் தறியை வெளியூர்க்காரனுக்குக் குடுத்துடுவேன்னு மேஸ்திரி சொல்லிட்டான். என் பொண்டாட்டி எல்லனுக்குப் பால் வத்திப்போச்சுக்கா. குழந்தை இப்பல்லாம் அழக்கூட மாட்டேங்குது. அதைப் பார்த்துக்கிட்டே பல ராத்திரி தூங்கல. இன்னைக்குப் படுத்தா பொணம் மாதிரி கிடப்பேன்."

"கருங்காலிக்கு நான் கழி தூக்கறதா? போடா!" என்று தபிதா சீறினாள். அவன் போகவில்லை. அவளும் கதவைச் சாத்தவில்லை. அந்தக் குழந்தையைக் கையில் முதலில் ஏந்தினவளே அவள்தானே.

மறுநாள் இருட்டு பிரியுமுன் கழியோடு அவன் வீட்டின் கீழே நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. தெரு மயான அமைதியாக இருந்தது. இதில் ஒரே ஒரு ஜன்னலைத் தட்டினால் எல்லாருக்கும் கேட்கும், யார் ஜன்னல் என்றும் தெரிந்துவிடும். அப்புறம் சாகிறவரை ஏமஸோடு யாரும் பேசமாட்டார்கள். அவளுக்கும் இந்தத் தெருவில் தட்ட ஒரு ஜன்னல் மிஞ்சாது. கொஞ்ச நேரம் யோசித்தாள். சரி, எல்லா ஜன்னலையும் தட்டிவிடுவோம், திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள் என்று முடிவு கட்டினாள்.

அங்கேதான் தப்புக்கணக்குப் போட்டாள். தட்டின சத்தம் காதில் விழுந்ததும் மனசு எழுமுன் உடம்பு எழுந்துவிட்டது. கதவுகள் படபடவென்று திறந்தன. மரச்செருப்புகள் கல் தெருவில் தடதடத்தன. சட்டையைத் திருப்பிப் போட்டவன், தலையில் இரவுக் குல்லாய் வைத்தவள் எல்லாரும் அரைக்கண்ணோடு ஆலையைப் பார்த்து ஓட்டம்! "ஏய், வேலைநிறுத்தம்டா! எங்கடா ஓடறீங்க?" என்று பின்னாலேயே ஓடினாள் தபிதா. யார் காதில் விழுகிறது?

ஆலை வாசலில் மேஸ்திரி விளக்கோடு நின்றான். கூட்டத்தைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது. "வாங்க, வாங்க! புத்தி வந்துச்சா?"

டார்கஸ் தன் தலையைத் தடவிப் பார்த்தாள். குல்லாய்! அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடப்பாவிகளா, நாமளும் எந்திரமாவே ஆயிட்டோமா!" கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஏமஸ் மட்டும் சிரிக்கவில்லை. டார்கஸின் கண் அவன் கையில் போய் நின்றது.

"எங்க ஒருத்தர் கையிலயும் சோத்துத் தூக்கு இல்ல. உனக்கு மட்டும் எப்படி ஞாபகம் வந்துச்சு?"

சிரிப்பு அடங்கிப்போனது. தபிதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான்தான் எழுப்பினேன். அவன் கேட்டான், நான் தட்டினேன். திட்டறதுன்னா என்னைத் திட்டு."

டார்கஸ் ஏமஸின் தூக்கைப் பிடுங்கினாள். நல்ல கனம். "எங்க வீட்டுல உருளைக்கிழங்குத் தோல்கூட இல்ல, இங்க என்ன விருந்தா?" என்று மூடியைத் திறந்தாள். உள்ளே துணியில் சுற்றின ஒரு கல் இருந்தது.

ஏமஸ் தரையைப் பார்த்தபடி சொன்னான். "வெறும் தூக்குன்னு தெரிஞ்சா எல்லன் தன் பங்கையும் இதுல போட்டுடுவா. அதான்…"

மேஸ்திரி பொறுமையிழந்து, "ஏமஸ், உள்ள வர்றியா இல்லையா?" என்றான்.

டார்கஸ் ஒதுங்கி வழிவிட்டாள். "போறதுன்னா போய்யா. இன்னைக்கு உன்னை நான் கருங்காலின்னு சொல்லமாட்டேன். உன் வீட்டுல அடுப்பெரியலைன்னு பார்க்காம பெட்டிமேல ஏறிக் கத்தினேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்."

அவன் திறந்த கதவைப் பார்த்தான், குல்லாய் போட்ட டார்கஸைப் பார்த்தான், அப்புறம் முதுகைத் திருப்பிக்கொண்டு தெருப்பக்கம் நடந்தான். கூட்டம் அவனோடு நடந்தது. கல்லை டார்கஸ் ஆலை வாசலிலேயே போட்டுவிட்டாள்.

திரும்புகிற வழியில் தூக்கு வீடு வீடாக ஏறி இறங்கியது. ஒருத்தி கையளவு ஓட்ஸ் மாவு போட்டாள், ஒருவன் ரொட்டியைப் பாதியாகப் பிய்த்துப் போட்டான். தபிதா தன் பன்றிக்கறித் துண்டை வைத்து மூடியை அழுத்திச் சாத்தி, ஏமஸின் கையில் கொடுத்தாள்.

எல்லன் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். தூக்கை வாங்கினவள் கனத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"என்னய்யா இது! ஒரு வாய்கூடச் சாப்பிடாம அப்படியே திருப்பிக் கொண்டாந்திருக்கே?"