மூன்றாம் மனுவின் இரண்டாம் பந்தி

கண்டியில் மஹ்மூத் முதலாளியின் துணிக்கடையிலிருந்து ஏழு வருடமாக ஆங்கில மனுக்கள் போய்க்கொண்டிருந்தன. பக்கத்து ஊரான அம்பிட்டியவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததே அப்படி ஒரு மனுவால்தான். கீழே இருந்த கையெழுத்து முதலாளியுடையது. எழுதியது பொன்னையா என்கிற நான், ஒரு வக்கீலின் கிளாக்கர். முதலாளிக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது அந்தக் கையெழுத்து மட்டுமே.

இதை வெளியே விடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். காலையில் கடை திறக்குமுன் ஆங்கிலப் பத்திரிகையை அவருக்கு வாசித்துக் காட்டி, முக்கியமான இடங்களில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போவேன். பிறகு அவர் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் செய்தி சொல்வார். ஊர் வாயைப் பிளக்கும், எனக்கு வயிறு எரியும். என்றாவது அகப்படமாட்டாரா என்று ஆசைப்பட்டதும் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் அரசாங்க சபைக்குத் தேர்தல் வந்தது. முதலாளியின் சொந்த ஊரான பிலிமத்தலாவையிலிருந்து பத்துப் பேர் வந்து, நியமனப் பத்திரத்தை அவர் முன் வைத்துவிட்டார்கள். சபைக்கு நிற்பவர் ஆங்கிலம் பேச, வாசிக்க, எழுதத் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்பது சட்டம். முதலாளி பேனாவை எடுத்தார்.

பக்கத்தில் நின்ற நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன். "யோசிச்சுச் செய்யுங்கோ முதலாளி. ஆரும் சோதிச்சுப் பாத்தால் மானம் போயிடும்."

அவர் கொஞ்ச நேரம் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு ஆசை அந்த முகத்தில்! பிறகு பேனாவை மூடினார்.

"எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியா," என்றார் எல்லாருக்கும் கேட்க. "அந்த மனுவெல்லாம் எழுதின ஆள் இந்தா இரிக்கிறார்."

அவருடைய காது சிவந்துவிட்டது. நான் ஆசைப்பட்ட நாள் வந்திருந்தது, ஆனால் அவரை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வந்தவர்களில் ஒருவரான வயல்காரர் ஸெய்னுலாப்தீன்தான் முதலில் என்னைப் பார்த்துப் பேசினார். "அப்ப ஐயாவே நில்லுங்களேன். எங்கட காரியம்தான் உங்களுக்குத் தெரியுமே."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கை தானாகக் கோட்டுக் காலரை இழுத்துச் சரிசெய்தது.

"ஒண்டு கேக்கிறேன்," என்றார் ஸெய்னுலாப்தீன். "ரோட்டுக்குக் கீழால புதுப் போக்கு வெட்டினா மழைத்தண்ணி எந்தப் பக்கம் போகோணும்? மேல வெட்டினா என்ட வயல் போகும். கீழ வெட்டினா றலியா ராத்தாட வயல் போகும்."

அந்த வடிகாலுக்காக மூன்று மனு எழுதியவன் நான். பிலிமத்தலாவையை ரயில் ஜன்னலால் பார்த்ததோடு சரி. "அது... பொறியியலாளரைக் கேட்டு..." என்று இழுத்தேன்.

"ரெண்டு பக்கமும் வாணாம்," என்றார் முதலாளி, தலையைத் தூக்காமலே. "பள்ளிவாசலுக்குப் பின்னால பழைய ஓடை மண் தூந்து கிடக்கு. அதத் தோண்டிப்போட்டு அங்கால விட்டாப் போதும்."

அது என் மூன்றாம் மனுவின் இரண்டாம் பந்தி. அவர் தமிழில் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதிவிட்டு மறந்துபோயிருந்தேன்.

"நான் நிக்கேல்லை," என்றேன். "எனக்கு இங்கிலீசு மட்டும்தான் தெரியும்."

நியமனப் பத்திரம் வெறுமையாகவே திரும்பிப் போனது. ஆங்கிலம் தெரிந்த யாரோ ஒரு கனவான் வென்றார்.

தேர்தல் முடிந்த கிழமையே முதலாளி கூப்பிட்டனுப்பினார். "வெண்டவருக்கு அந்தப் போக்கப் பத்தி எழுதோணும்."

"முதல்ல ஓடையைக் காட்டுங்கோ," என்றேன்.

பஸ்ஸில் போனோம். முதலாளி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் பின்னால் புதருக்குள் இறங்கி, தண்ணீர் தேங்கும் இடத்தைக் கையால் காட்டினார். என் சப்பாத்து இரண்டும் சேற்றில் புதைந்தன. அங்கேயே ஒரு கல்லில் குந்தியிருந்து கடிதத்தை எழுதி, அவரிடம் நீட்டினேன்.

வழக்கமான ஆங்கிலக் கையெழுத்தை அவர் போடவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, தமிழில் தன் பெயரை எழுதினார். ஏழு வருடத்தில் அவருடைய தமிழ்க் கையெழுத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.