ஸ்டிக்கர் இல்லாத பெட்டி

ரத்தம் குப்பிக்குள் விழுந்ததிலிருந்து எழுபத்திரண்டு மணி நேரம். அதற்குள் அது ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். தவறினால் மறுபடியும் விரலைக் குத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பெட்டியோடு வரும் விளக்கத் தாளில் இப்படிப் போட்டிருந்தது. அந்தத் தாளை ஒன்பது வருடமாக மடிக்கிறவள் அவள். எந்த மடிப்பு எந்த மடிப்புக்குள் போகும் என்பது அவள் விரல்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் ஒரு நாளும் படித்ததில்லை. மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாயைத் தின்று பார்ப்பதில்லை அல்லவா, அந்த மாதிரி. இன்று லீவு நாள், அவளுடைய சமையலறை மேசை, அவளுடைய பெயருக்கு வந்த பெட்டி. முதல் தடவையாக எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

வீட்டிலிருந்தபடியே பால்வினை நோய்களுக்குப் பரிசோதனை செய்துகொள்ளும் பெட்டி அது. விரல் நுனியைக் குத்த ஊசி, ரத்தம் பிடிக்கக் குப்பி, துடைத்து எடுக்கப் பஞ்சுக்குச்சி, ஒரு பிளாஸ்திரி. அவள் வேலை பார்க்கும் கம்பெனிதான் அதைக் கட்டி அனுப்புகிறது. ஆர்டர் வந்தால் மேலே ஒரு பழுப்பு உறை போட்டு, உறையின் மேல் முகவரி ஒட்டி, வண்டியில் ஏற்றுவார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று கொண்டுவந்து கொடுப்பவருக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுக்கும் தெரியாது.

"கையைத் தொங்கப் போடு. ரத்தம் கீழே இறங்கட்டும்" என்றார் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற லிஃப்ட் மெக்கானிக். வெந்நீர்ப் பாத்திரத்தை அவள் முன்னால் நகர்த்தி வைத்திருந்தார்.

"பட்டனை அமுக்கினா இறங்குறதுக்கு இது என்ன உங்க லிஃப்டா?"

"என் லிஃப்டா இருந்தா இந்நேரம் இறங்கியிருக்கும். இது ரொம்ப நாளா சர்வீஸ் பண்ணாத கேஸ்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த குலுக்கலில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் ஒன்றன் பின் ஒன்றாகக் கோடு வரைக்கும் நிறைந்தது.

இருவருக்கும் இது இரண்டாவது கல்யாணமாக இருக்கப் போகிறது. அவர் மனைவி அவரை விட்டுப் போய் ஐந்து வருடம். இவள் புருஷன் போனதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவன் வீட்டுக்கு வந்த நாட்களை எண்ணிவிடலாம், வராத நாட்களை எண்ண முடியாது. அந்த நாட்களில் எங்கே இருந்தான் என்று ஊரே சொன்ன பிறகுதான் இவளுக்குத் தெரிந்தது. "அவன் போன இடத்துக்கெல்லாம் நானும் போயிட்டு வந்த மாதிரி இருக்கு" என்று ஒரு நாள் லிஃப்ட் மெக்கானிக்கிடம் சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கு நாலு மாதம் பிடித்திருந்தது.

அவர் அவளைப் பாவம் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குப் பிடித்தது. "பார்த்துட்டா தெரிஞ்சிடும். இருந்தா மருந்து சாப்பிடுவோம். லிஃப்ட் நடுவுல நின்னா கயிறையா அறுப்பாங்க?" என்றார். மறுநாளே கிளினிக்குக்குப் போய்த் தனக்குப் பரிசோதனை எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்றுமில்லை என்று வந்தது. கிளினிக்கில் உட்கார இவளுக்குக் கூச்சம். ஆகவே பெட்டி.

குப்பியை மூடி, அதன் மேல் தன் பெயரை எழுதினாள். அப்புறம் நடந்ததை அவள் செய்தாள் என்பதைவிட அவள் கைகள் செய்தன என்றால் சரியாக இருக்கும். குப்பி அதன் பள்ளத்தில், மூடி போட்ட ஊசி அதன் பள்ளத்தில், பஞ்சுக்குச்சி அதன் குழாயில், விளக்கத் தாள் மூன்று மடிப்பாக மேலே. பெட்டிக்கு மேலுறையாக வரும் சுற்றட்டையைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டினாள். மூலைகள் கத்தி மாதிரி நின்றன.

"பார்சல் கட்டுறதுல உன்னை அடிச்சிக்க ஆளில்ல" என்றார் அவர். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில், கம்பெனி வாசலுக்குப் பக்கத்திலிருந்த தபால் பெட்டியில் அதைப் போட்டாள். தொப்பென்று விழுந்த சத்தம் காதுக்கு இதமாக இருந்தது. ஒன்பது வருடத்தில் அந்த வாசலுக்குள் அவள் முணுமுணுப்பாய்ப் பாடிக்கொண்டு நுழைந்தது அன்றுதான்.

கட்டுமிடத்தில் நீள மேசை, எதிரும் புதிருமாகப் பெண்கள். எல்லோருக்கும் பை இல்லாத மேலங்கி. சின்னப் பொருள் காணாமல் போகக் கூடாதென்று பைகளைத் தைக்காமலே விட்டிருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர். கட்டி முடித்த பெட்டியின் ஒட்டுநாடா மேல் தன் நம்பர் போட்ட வட்ட ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். தப்பு நடந்தால் யார் கை என்று தெரிய வேண்டுமே.

மேசையில் அவளுக்குப் பூனை என்று பெயர். வருவது தெரியாது, போவது தெரியாது. அவளுக்கு எதிரே உட்கார்ந்தவள் வாயாடி. பெயர்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"இன்னைக்கு எத்தனை பேரோட தூக்கத்தைப் பெட்டிக்குள்ள போட்டு மூடப் போறோமோ" என்று அன்றும் ஆரம்பித்தாள் வாயாடி. "யாரு பெத்த புள்ளைங்களோ! ஆடுறப்ப ஆடிட்டு அப்புறம் விரலைக் குத்திக்க வேண்டியது."

"ஏண்டி, அவங்க ஆடலைன்னா நமக்குச் சம்பளம் ஏது?" என்றாள் இன்னொருத்தி.

"அதுவும் சரிதான். ஆடுங்கடா சாமிங்களா, நல்லா ஆடுங்க. ஏய் பூனை, என்ன இன்னைக்கு மீசையில பால் ஒட்டியிருக்கு? பாட்டெல்லாம் பலமா இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"இவகிட்ட இந்தப் பேச்சை எடுத்தாலே காது சிவந்திடும். குடும்பத்துப் பொண்ணுன்னா இப்படி இருக்கணும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காது நிஜமாகவே சுட்டது. ஒரு வார்த்தை வெளியே போனால் வாயாடி அதை மத்தியானத்துக்குள் மூன்று ஷிஃப்டுக்கும் விநியோகித்துவிடுவாள். தன் பெயர் அந்த மேசையில் உருட்டப்படுவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியாது. அதனால்தான் பெட்டியைக்கூட வேறு ஷிஃப்ட் கட்டும் நாளாகப் பார்த்து ஆர்டர் செய்திருந்தாள்.

பக்கத்தில் புது அக்கா கட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, சேர்ந்து ஒரு மாதம். பெட்டியை நன்றாகத்தான் கட்டுவாள், ஸ்டிக்கரை மறந்துவிடுவாள். ஏற்கெனவே இரண்டு தடவை மாட்டியாயிற்று. மூன்றாவது தடவை மாட்டினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பயத்தில் ஒவ்வொரு பெட்டியையும் கீழே வைத்த பிறகும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மணி அடிக்கச் சற்று முன்னால் தபால்காரர் எட்டிப் பார்த்தார்.

"மேடம், வாசல் தபால் பெட்டியில இது கிடந்தது, உங்க கம்பெனியோடதாத்தான் இருக்கும். மேல எழுத்தே இல்ல. யாருக்குன்னு கொண்டு போறது?"

சூப்பர்வைசர் அதை வாங்கிக்கொண்டாள். அவளுக்குத் தராசு என்று பெயர், முதுகுக்குப் பின்னால் மட்டும். மனிதர்கள் சொல்வதைவிட எடை மெஷின் சொல்வதைத்தான் நம்புவாள்.

"வண்டியில ஏத்துறப்போ உறையிலிருந்து நழுவி விழுந்திருக்கும். யாரோ புண்ணியவான் எடுத்துத் தபால் பெட்டியில போட்டிருக்காரு" என்றாள். பெட்டியைத் திருப்பினாள். "ஸ்டிக்கர் எங்கே?"

வெள்ளைப் பெட்டி. நான்கு பக்கமும் வெறும் வெள்ளை.

பூனைக்குக் கை அப்படியே நின்றது. அந்தச் சுற்றட்டைக்கு ஒரு புறம் வெள்ளை. மறுபுறம் ஆய்வகத்தின் முகவரி அச்சடித்திருக்கும். பரிசோதனை எடுத்தவர்கள் அட்டையை உள்வெளியாகத் திருப்பிச் சுற்ற வேண்டும், முகவரி வெளியே தெரிகிற மாதிரி. உலகத்தில் யார் எடுத்திருந்தாலும் திருப்பியிருப்பார்கள். ஒன்பது வருடமாக வெள்ளை வெளியே இருக்கும்படி கட்டிப் பழகிய கைதான் திருப்பாமல் கட்டியது. பார்சல் கட்டுவதில் அடித்துக்கொள்ள ஆளில்லாத கை.

எல்லோர் கண்களும் புது அக்காவிடம் போயின.

"என் கை படலைங்க. சத்தியமா நான் எல்லாத்துலயும் ஒட்டினேன்" என்றாள் புது அக்கா. ஸ்டிக்கர் சுருளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், அது சாட்சி சொல்லும் என்பதுபோல.

"போன தடவையும் சத்தியம்தான் பண்ணீங்க. நான் என்ன செய்யறது, சொல்லுங்க. மூணாவது தடவை."

"வீட்டுக்காரருக்கு வேலை இல்லைம்மா இப்போ."

வாயாடி குனிந்து தன் பெட்டிகளின் ஸ்டிக்கர்களை எண்ணினாள்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? அவள் மூடித்தான் பார்த்தாள். புது அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் அப்போதும் கேட்டது. கண்ணைத் திறந்தாள்.

"மேடம், அது என்னோடது."

தராசு திரும்பினாள். "உன்னோடதா?"

"ஆமா மேடம். நான்தான் கட்டினேன். ஸ்டிக்கர் ஒட்டல."

பொய் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. புது அக்கா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வாயாடி, "பூனையும் சறுக்குது பாரு" என்றாள். மேசை முழுவதும் சிரிப்பு. தராசும் சிரித்துவிட்டாள்.

"ஒன்பது வருஷத்துல முதல் தடவை. போகட்டும், கண்ணு பட்டிருக்கும் உனக்கு."

"நான் பிரிச்சுத் திரும்பக் கட்டித் தர்றேன் மேடம்" என்று கையை நீட்டினாள்.

"நீ கட்டினதைப் பிரிக்கணுமா? நல்லா இருக்கே கதை. இவங்க கட்டினதையெல்லாம் பிரிச்சுப் பார்ப்பேன். உன் கை கட்டினதை மெஷின்ல வெச்சாப் போதும்."

பெட்டி எடை மெஷினில் ஏறியது. அவள் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எரி, எரி என்று மனசுக்குள் கெஞ்சினாள். ஒரு பொருள் குறைந்தாலும் அது எரியும். ஆனால் அவள் எதையும் குறைத்திருக்கவில்லையே. ஊசியையும் வைத்தாள், பஞ்சுக்குச்சியையும் வைத்தாள், தாளைக்கூட மடித்து வைத்தாள். போனது ஒரு பிளாஸ்திரி, வந்தது சில சொட்டு ரத்தம். மெஷினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பச்சை எரிந்தது.

"பார்த்தியா" என்றாள் தராசு. பூனையின் சுருளிலிருந்தே ஒரு ஸ்டிக்கரைக் கிழித்து ஒட்டினாள். பழுப்பு உறைக்குள் தள்ளினாள். வரிசையில் அடுத்திருந்த முகவரியை எடுத்து மேலே ஒட்டினாள். வண்டிக்குப் போகிற தள்ளுகூடையின் உச்சியில் வைத்தாள். வெளியே வண்டி ஹாரன் அடித்தது.

இனி சும்மா இருந்தால் போதும். புது அக்காவின் வேலை தப்பியது, தன் மானமும் தப்பியது. வீட்டுக்குப் போய் இன்னொரு பெட்டிக்கு ஆர்டர் போடலாம். இன்னொரு விரல் இருக்கிறது.

ஆனால் அந்த முகவரியில் யாரோ ஒருவர் இருக்கிறார். நாலு மாதம் யோசித்து, கூச்சப்பட்டு, கடைசியில் துணிந்து ஆர்டர் செய்தவராக இருக்கலாம். வெந்நீர் வைத்துத் தர ஆள் இருக்கிறதோ இல்லையோ. மேசையில் உட்கார்ந்து அந்த அழகான மூலைகளைப் பிரித்தால், உள்ளே முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பெயரும் அவளுடைய ரத்தமும். அவர் அப்புறம் இந்தப் பக்கமே வருவாரா?

ஒன்பது வருடமாகப் பெட்டிகளைத்தான் பார்த்திருக்கிறாள். அதைத் திறக்கிற ஆள் கண்ணுக்குத் தெரிந்தது இப்போதுதான். நேற்று அந்த ஆளாக அவளே இருந்தாளே. அந்தச் சமையலறையில் அசிங்கமாக ஒன்றும் நடக்கவில்லையே. சிரித்துக்கொண்டல்லவா இருந்தார்கள். இந்த நினைப்பு வந்ததும் கூச்சம் கொஞ்சம் அடங்கியது. முழுவதும் போகவில்லை. கால்கள் நடக்கிற அளவுக்கு அடங்கியது.

தள்ளுகூடை நகர்ந்தது. அவள் எழுந்து குறுக்கே போய் நின்றாள். உச்சியில் இருந்த உறையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். ஒளிக்கலாம் என்றாலும் மேலங்கியில் பை இல்லை.

"என்னடி பூனை, திருடிட்டுப் போறே?" என்றாள் வாயாடி.

"என்னம்மா ஆச்சு? மெஷின்தான் சரின்னு சொல்லிடுச்சே" என்றாள் தராசு.

மேசை முழுவதும் அவளையே பார்த்தது. அவள் காது சிவந்தது. குரல் மட்டும் அவளே எதிர்பார்க்காத அளவுக்குத் தெளிவாக வந்தது.

"மெஷினுக்குத் தெரியாது மேடம். இது ஆர்டருக்குக் கட்டின பெட்டி இல்ல. நேத்து எங்க வீட்டுல எனக்கு நானே டெஸ்ட் எடுத்துக்கிட்டேன். உள்ள இருக்கிறது என் ரத்தம்."