கவர் போட்ட காற்று

இந்தக் கதையில் இருந்தவர்கள்: சீனித்தாய், கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் குச்சிகளுக்கு மருந்து முக்குகிறவர். பூவனலிங்கம், அங்கே மேனேஜர். ஐஸ்வர்யா, ஆராய்ச்சி மாணவி. ஒரு கருவி. நான், எதிர் டீக்கடையில்.

1

இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. ஸ்பின்னிங் மில் நைட் ஷிஃப்டை விட்டு ஓடிவந்த எனக்கு ஐஸ்வர்யா ஒரு வேலை கொடுத்தாள். ஒரு வாரம், சீனித்தாய் எத்தனை மணிக்கு எங்கே இருக்கிறார் என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அவர் கழுத்தில் தொங்கும் கருவி காற்றிலுள்ள நச்சை அளக்கும். இரண்டையும் சேர்த்தால், அவர் நாளொன்றுக்கு எவ்வளவு நச்சை மூச்சில் இழுக்கிறார் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அளவு அதிகமென்றால் அவரைப் பண்டல் கட்டும் அறைக்கு மாற்றுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். சீனித்தாய்க்கு ஆறு மாதமாக இருமல்.

நான் போய்ப் பார்க்கவில்லை. டீக்கடையிலிருந்தே எழுதினேன். 'பத்து: மருந்து ரூம். பதினொன்று: மருந்து ரூம்.' (நான் எழுதிய முதல் கதை அதுதான். இதைவிட நன்றாக இருந்தது.)

2

கரிசல் மண்ணின் மேல் கருமேகங்கள்...

(வேண்டாம். மழையே இல்லை.)

கணக்கு வந்தது. மருந்து ரூம் காற்று கழுகுமலை உச்சியைவிடச் சுத்தம்.

ஐஸ்வர்யா ஓடிவந்து கருவியைப் பார்த்தாள். மூன்று பாலித்தீன் கவர், மேலே இரண்டு ரப்பர் பேண்ட்.

"என்னக்கா இது?"

"தூசி அடையும்லா பாப்பா. டிவி ரிமோட்டுக்கே கவர் போட்டுத்தான் வச்சிருக்கேன். இது அடுத்தவிய பொருளு."

(சீனித்தாயை இங்கே முட்டாளாகக் காட்ட நினைத்தேன். நான் ஒரே ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால்... சரி, விடுங்கள்.)

3

பூவனலிங்கத்துக்கு ஒரே சந்தோஷம். "கம்ப்யூட்டரே சொல்லிட்டு. நல்ல காத்த விட்டுட்டு எதுக்கு மாறுத?"

முடிவு அ: திரும்ப அளக்கிறார்கள், நியாயம் கிடைக்கிறது. (நானே நம்ப மாட்டேன்.)

முடிவு ஆ: சீனித்தாய் இருமிக்கொண்டே... (நம்புவேன். எழுத மாட்டேன்.)

முடிவு இ: சீனித்தாய் மேனேஜரின் நாற்காலியைத் தூக்கிப்போய் மருந்து ரூமில் போட்டார்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"அவ்வளவு நல்ல காத்தாம்லா. நீங்க இங்கன இருங்க அண்ணாச்சி. பண்டல் ரூம் தூசிய நான் பாத்துக்கிடுதேன்."

நாற்காலியை எடுக்கப் பூவனலிங்கம் உள்ளே போனார். ஐஸ்வர்யா கவரைப் பிரித்த கருவியை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள். இந்த முறை நான் வாசலிலேயே நின்று, பார்த்து, எழுதினேன். 'பதினொன்றரை: மருந்து ரூம். பூவனலிங்கம். இருமல்.'

எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்பதற்கு ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். அதை நீங்கள் நிரப்புங்கள்.

சீனித்தாய் கதவைச் சாத்திப் பூட்டினார்.