அரபி எழுத்துப் பிளாஸ்திரி

ரோஷன் பேகம் சிரித்தார் என்பதே தலத்தெருவில் அந்த வீட்டுக்குப் பெரிய செய்தி. கணவர் ஜெகபர் சாதிக் மவுத்தானதும் நாலு மாதம் பத்து நாள் கைம்பெண்கள் தனித்திருக்கும் இத்தா இருக்க அறைக்குள் போனவர், இத்தா முடிந்து ஒன்றரை வருடமாகியும் வெளியே வரவில்லை. கூப்பிட்டவர்கள்தான் வாய் வலித்து ஓய்ந்தார்கள். அப்படிப்பட்டவர் பத்து நாளாக அடுப்படியில் நின்று, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இறால் உரிக்கிறார்.

மருமகள் சஜிதாவுக்கு முதலில் சந்தோஷம், அப்புறம் பயம். அவள் பார்மசி படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்ப்பவள். மாமிக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது அவர் இரண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறார், உள்ளங்கை எந்நேரமும் ஈரமாக இருக்கிறது, தூக்கமும் இல்லை. இதெல்லாம் சந்தோஷத்தின் அறிகுறியாக அவளுக்குப் படவில்லை.

"முட்டி வலி எப்படிங்க மாமி?"

"வலியா? ஓடியே போச்சு புள்ள. எம்மவன் அனுப்புன பிளாஸ்திரி அப்படி! முட்டிக்கு ஒண்ணு, இடுப்புக்கு ஒண்ணு ஒட்டியிருக்கேன்."

சஜிதாவின் கணவன் ஜவஹர் அலி ஷார்ஜாவிலிருந்து நண்பனிடம் கொடுத்தனுப்பும் பெட்டியில் தைலமும் பேரீச்சம்பழமும் வலி பிளாஸ்திரியும் எப்போதும் இருக்கும். அதைப் பிரித்து எடுத்து வைக்கும் உரிமை மாமிக்கு மட்டும்தான். சஜிதா ஓர் உறையைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். முன்பக்கம் முழுக்க அரபி. பின்பக்கம் பொடி எழுத்து இங்கிலீஷில், நிகோடின், இருபத்தொரு மில்லிகிராம்.

"மாமி, இது சிகரெட்ட விடுறவங்க ஒட்டுறது! கேக்காம ஏங்க ஒட்டுனீங்க?"

"அரபில போட்டிருக்கு புள்ள. ஓதுற எழுத்து. அதுல கெடுதல் இருக்கும்னு யாரு நெனப்பா?"

ஆறு வயதிலிருந்து குர்ஆன் ஓதியவர். எழுத்தெல்லாம் தெரியும், அர்த்தம் தெரியாது. மருந்துக்கம்பெனியும் அதே எழுத்தில்தான் அச்சடிக்கிறது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

சஜிதா கணவனுக்கு போன் போட்டாள்.

"அது என்னோடது," என்றான் அவன், குரல் இறங்கி. "சிகரெட்ட விடலாம்னு வாங்குனேன். ரூம்காரன் தெரியாம பெட்டில போட்டிருப்பான். நான் குடிக்கிறத உம்மாகிட்ட சொல்லிடாத."

அம்மாவின் உயிரைவிட மானம் பெரிதாகிவிட்டது மகனுக்கு! அவள் போனை வைத்தாள்.

படித்தது நினைவுக்கு வந்தது. மூளையின் நரம்பு நுனிகளில் அசிடைல்கோலின் என்ற ரசாயனத்துக்கென்று பூட்டுகள் உண்டு. அதில் நிகோடின் கள்ளச்சாவியாக நுழையும். கதவு திறந்ததும் டோபமின் பீறிடும், மனசு மேலெழும்பும், வலியும் மறக்கும். ஆனால் அதே சாவி, இதயத்தை விரட்டும் நார்-அட்ரினலினையும் அவிழ்த்துவிடும். நாளாக ஆக மூளை பூட்டுகளைப் பெருக்கிக்கொண்டு, திற, திற என்று கேட்க ஆரம்பிக்கும்.

டாக்டர் உடனே உரித்தெறியச் சொன்னார். ஈசிஜி எடுத்தார்கள், இந்தத் தடவை இதயம் தப்பித்தது என்றார். மாமியே பெட்டியைக் கொண்டுவந்து நீட்ட, சஜிதா அதைக் கடைக்கு எடுத்துப்போய்ப் பூட்டி வைத்தாள்.

மறுநாள் மாமி கதவைச் சாத்திக்கொண்டார். சோறு வைத்தால் எரிந்து விழுந்தார். மூன்றாம் நாள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். பழைய மாமி திரும்பிவிட்டாரே என்று சஜிதா அழுதாள். ஆனாலும் உயிரோடு இருக்கிறாரே என்று தேற்றிக்கொண்டாள்.

நாலாம் நாள் காலையில் அடுப்படியிலிருந்து பாட்டு கேட்டது.

சஜிதா போட்டது போட்டபடி ஓடினாள். மாமியின் முகம் வெளிறி, வியர்வை சொட்டியது, உதட்டில் சிரிப்பு. ரவிக்கையை விலக்கினால் விலாவில் வரிசையாக நாலு பிளாஸ்திரி, எல்லாம் புதுசு. உறைகளை எண்ணிப் பார்க்காமல் பெட்டியை வாங்கி வைத்த தன் புத்தியை அவள் சபித்துக்கொண்டாள்.

"எடுக்காத புள்ள." மாமி அவள் கையைப் பிடித்தார். "முட்டிக்காக ஒட்டல. இத எடுத்தா நான் மறுபடி அந்த ரூமுக்குள்ள போயிடுவேன்."

சஜிதா ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, ஒரு கையால் நாடியைப் பிடித்தபடி மறு கையால் உரித்தாள். ஒன்று. இரண்டு. நாடி ஓடியது, தடுமாறியது, மறுபடி ஓடியது.

"ஒங்க மாமா நெனப்பு வந்துச்சு, தெரியுமா? அழுகையே வரல," என்றார் மாமி, குழந்தையைப்போல வியந்து.

மூன்று. நாலாவதும் கையோடு வந்தது. மாமி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். சஜிதா விரலை அழுத்திப் பிடித்து, அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.